குழந்தை பிறந்தபின் முதல் ஆறு வாரங்கள்: வீட்டில் எந்த வேலையை யார் செய்வது?

நிறைமாதம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 34ஆவது வாரம் நடக்கிறது. இது இரண்டாவது பிரசவம். மூத்தவளுக்கு நான்கு வயது. என்ன சாப்பிட வேண்டும், எப்படிப் படுக்க வேண்டும், வலி எடுத்தால் எப்போது கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறது. மருத்துவமனைப் பையில் வைக்க வேண்டியவற்றின் பட்டியல்கூடப் பலரிடமிருந்து வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் குழந்தையோடு வீடு திரும்பியபின், என் உடம்பு தேறும்வரை, எந்த வேலை யார் பொறுப்பு என்பதைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. "அதெல்லாம் தானாக நடக்கும்" என்கிறார்கள். முதல் பிரசவத்தில் அது தானாக நடந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாரும் எடுத்துக்கொள்ளாத வேலைகள் எல்லாம் சத்தமில்லாமல் என்னிடம் வந்து சேர்ந்தன.

கணவருக்கு இரண்டு வார விடுப்பு கிடைக்கும். முதலில் மாமியார் வந்து தங்குவார். அவருக்குப் பின் என் அம்மா. இருவரும் அன்பானவர்கள், இருவரும் கைக்குழந்தையைக் கண்டால் கீழே வைக்கமாட்டார்கள். இரவுகளைக் கணவரும் நானும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது, பார்க்க வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது, மூத்தவளை எப்படிப் பழக்குவது என்பதை அனுபவப்பட்டவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


இருபிள்ளைத்தாய் எழுதியது:

சகோதரி, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் "கைக்குழந்தையைக் கண்டால் கீழே வைக்கமாட்டார்கள்" என்ற வரியில்தான் விஷயமே இருக்கிறது. உதவிக்கு வருகிறவர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்க, பச்சை உடம்புக்காரி அடுப்படியில் நின்று வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுதான் உதவி என்று எல்லோரும் நம்புகிறார்கள். தாய்க்கும் அதை மறுத்துச் சொல்ல வாய் வருவதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: முதல் ஆறு வாரங்களுக்குத் தாயிடம் குழந்தை இருக்கட்டும், மற்றவர்களிடம் வீடு இருக்கட்டும். இதை ஒரு விதியாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிகள் கொஞ்சவே கூடாது என்பதல்ல இதன் பொருள். பால் குடித்து முடித்தபின், தாய் குளிக்கவும் கண்ணயரவும் போகும் நேரத்தில் குழந்தை பாட்டியிடம் இருக்கலாம். அந்த நேரத்தைத் தாய் பாத்திரம் கழுவவும் துணி மடிக்கவும் செலவிட்டால் அது உதவியாகாது.

இன்னொன்று. வேலைகளைப் பங்கிடுவதற்கு முன், இப்போது கண்ணுக்குத் தெரியாமல் நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலைகளை எழுதிப் பாருங்கள். மூத்தவளின் பள்ளிப் பையைச் சரிபார்ப்பது, மளிகை தீர்வதற்கு முன் கவனிப்பது, மருத்துவரிடம் போக வேண்டிய தேதியை நினைவில் வைத்திருப்பது, குப்பையை வெளியே வைப்பது என்று அது நீண்டுகொண்டே போகும். "சமையல் அத்தை, வெளிவேலை அவர்" என்று பெரிதாகப் பிரித்துவிட்டால் இந்தச் சில்லறை வேலைகள் அனைத்தும் நடுவில் விழும். நடுவில் விழுவதை எடுப்பவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.


இரவுக்காவலன் எழுதியது:

ஒரு தந்தையாக இரவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "பால் கொடுப்பது அவள்தானே, நான் விழித்திருந்து என்ன செய்யப்போகிறேன்" என்று பல ஆண்கள் மனதாரவே நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதாவது இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்த இடைவெளி ஒருமுறை குடிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்தமுறை தொடங்கும் நேரம்வரை என்று எண்ணப்படுவது. குடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பிறகு ஏப்பம் விட வைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், கொஞ்சம் எதிர்க்களித்தால் துடைத்துவிட்டு மீண்டும் உறங்க வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருவரே செய்தால் அவருக்குத் தூங்கக் கிடைப்பது ஒரு மணி நேரத் துண்டு. சில வேளைகளில் அதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் பால் கொடுப்பதைத் தவிர மற்ற அனைத்தும் இரவில் என் பொறுப்பாக இருந்தது. குழந்தை முனகத் தொடங்கியதும் நான் எழுந்து, டயப்பரைப் பார்த்து மாற்றி, மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். குடித்து முடித்ததும் வாங்கிக்கொள்வேன். அவர் அந்த நொடியே கண்ணை மூடிக்கொள்ளலாம். குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகை நீவிக்கொண்டு இருட்டில் நிற்கும்போது, அதன் வாயிலிருந்து பால் வாடையோடு ஒரு சிறு ஏப்பம் வரும்வரை கால் மாற்றி நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. விளக்கைப் போடாதீர்கள், பேசாதீர்கள், விளையாட்டுக் காட்டாதீர்கள். இரவு வேறு, பகல் வேறு என்று குழந்தை பிரித்தறியச் சில வாரங்கள் பிடிக்கும்.

விடுப்பு முடிந்தபின் விடியும்வரை விழித்திருக்க முடியாது. அப்போது இரவை இரண்டாக வெட்டிக்கொண்டோம். முன்னிரவு முழுவதும் நான். பின்னிரவில் மனைவியும் பாட்டியும். முழு இரவும் இருவரும் அரைத் தூக்கத்தில் கிடப்பதைவிட, ஒருவராவது நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவது வீட்டுக்கே நல்லது.


மழைத்தும்பி எழுதியது:

மேலே எழுதியவரின் பங்களிப்பைப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு கேள்வி: இரவில் ஒருமுறை தந்தையே புட்டியில் பால் கொடுத்துவிட்டால், தாய்க்கு அந்த நான்கு மணி நேரம் கிடைத்துவிடாதா? ஏன் இதை யாரும் சொல்வதில்லை?


ஓய்வுபெற்றசெவிலி எழுதியது:

பேறுகாலப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சொல்லாததற்குக் காரணம் உண்டு. பால் சுரப்பு என்பது குழந்தை எடுத்துக்கொள்ளும் அளவைப் பொறுத்து உடல் கற்றுக்கொள்வது. முதல் இரண்டு மூன்று நாட்கள் சீம்பால்தான். பிறகே பால் நிறைந்து வரத் தொடங்கும், அறுவைச் சிகிச்சையில் பிறந்தால் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். பால் சுரக்கச் செய்யும் ப்ரோலாக்டின் இரவில் கூடுதலாக இருக்கும். முதல் வாரங்களில் இரவுப் பாலைத் தவறாமல் தாண்டிக்கொண்டே போனால், மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், கூடவே சுரப்பும் குறையும். ஆகவே தாய்ப்பால் மட்டும் கொடுக்க விரும்புகிறவர்கள் ஏறத்தாழ முதல் நான்கு வாரங்கள் பொறுத்திருந்து, குழந்தை சரியாகப் பற்றிக் குடிக்கப் பழகியபின் புட்டிக்குப் போவது நல்லது. பீய்ச்சி எடுத்த பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 நாட்கள்வரை தாங்கும். அந்தப் பாலைத் தந்தையோ பாட்டியோ தாராளமாகக் கொடுக்கலாம்.

"பால் போதவில்லை" என்ற சொல்தான் குழந்தை பிறந்த வீடுகளில் அதிகம் பேசப்படுவது. அதுதான் தாயை அதிகம் உடைப்பதும்கூட. குழந்தை அழுகிறது என்பதற்காக மட்டும் பால் போதவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 7 முதல் 10 விழுக்காடுவரை குறைவது இயல்பு; இரண்டு வாரத்துக்குள் அது திரும்ப வந்துவிட வேண்டும். கருப்பாகக் கழிந்த மலம் நான்காம், ஐந்தாம் நாளில் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் நன்றாக நனைத்துப் போக வேண்டும். இவை சரியாக இருந்தால் பால் போதுகிறது. சரியாக இல்லையென்றால், அல்லது 10 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்தால், வீட்டில் விவாதித்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தாலும் அப்படியே. தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம்; தேனை ஒரு வயது முடியும்வரை தொடவே கூடாது.


மழைத்தும்பி எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, அம்மா. இருந்தாலும் நான் முழுமையாக உடன்படவில்லை. என் விஷயத்தில் தூக்கமின்மை என்னைப் படுகுழியில் தள்ளியது. மருத்துவரின் ஆலோசனையோடு இரவில் ஒருமுறை பால்மாவு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நான் மனுஷியானேன். சுரப்பு ஓரளவு குறைந்தது உண்மைதான். ஆனால் குழந்தைக்குத் தேவையானது தாய்ப்பாலின் அளவு மட்டும் அல்லவே, தாயும் தேவை. புதிதாகப் பெற்றவர்களிடம் பேசும்போது இந்த வழியும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.


ஓய்வுபெற்றசெவிலி எழுதியது:

அதை நான் மறுக்கவில்லை, மகளே. விளைவைத் தெரிந்துகொண்டு, மருத்துவரிடம் கேட்டு எடுத்த முடிவு அது. நடு இரவில் பதற்றத்தில், பக்கத்தில் இருப்பவர் சொன்னார் என்பதற்காக எடுக்கும் முடிவைத்தான் நான் தடுக்கப் பார்க்கிறேன். இந்த இரண்டு வழிகளில் எது என்று இப்போதே, 34ஆவது வாரத்திலேயே, கணவனும் மனைவியும் பேசி வைத்திருப்பது நல்லது.


இருபிள்ளைத்தாய் எழுதியது:

பார்க்க வருகிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அதில் எனக்கு ஒரே கொள்கைதான்: கணவர் பக்கத்து உறவினருக்குக் கணவர் சொல்ல வேண்டும், உங்கள் பக்கத்துக்கு நீங்களோ உங்கள் அம்மாவோ சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் அது திமிர். மகன் சொன்னால் அது குழந்தையின் மேல் அக்கறை. இது நியாயமில்லைதான், ஆனால் ஆறு வாரத்துக்குள் அதைத் திருத்திவிட முடியாது.

சொல்ல வேண்டியவை அதிகமில்லை. சளி, இருமல், காய்ச்சல் இருப்பவர்கள் குணமான பின் வரட்டும். வருகிறவர்கள் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். முத்தம் வேண்டாம், உதட்டோரம் கொப்புளம் வரும் அக்கி வகைக் கிருமி பெரியவர்களுக்குச் சாதாரணம், பச்சிளம் குழந்தைக்கு உயிராபத்து. பால் கொடுக்கும் நேரம் வந்தால் தாய் எழுந்து உள்ளே போவார், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது குழந்தையின் பசியைத் தள்ளிப்போடும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர்.

கக்குவான் இருமலுக்கான தடுப்பூசியைக் கர்ப்ப காலத்திலேயே தாய்க்குப் போடும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும். 27 முதல் 36 வாரத்துக்குள் போடுவது பொதுவான பரிந்துரை. நீங்கள் இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.


நீலக்குருவி எழுதியது:

மூத்தவளைப் பற்றி நான் சொல்கிறேன். மழலையர் பள்ளி ஆசிரியையாக இந்த வயதுக் குழந்தைகளோடுதான் நாள்தோறும் இருக்கிறேன். நான்கு வயதுக் குழந்தைக்கு "இன்னும் ஆறு வாரம்" என்பது புரியாது. "உன் பள்ளி விடுமுறை தொடங்கிய பிறகு" என்பதுபோல் அதற்குத் தெரிந்த ஒன்றோடு சேர்த்துச் சொல்லுங்கள். "உன்னோடு விளையாட ஒரு பாப்பா வரப்போகிறது" என்று சொல்லாமல் இருப்பது நல்லது. வரப்போவது விளையாடாது, அழும், தூங்கும், அம்மாவின் மடியை விட்டு இறங்காது. ஏமாந்துபோன குழந்தைக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

படுக்கையை மாற்றுவது, பள்ளி மாற்றுவது, கழிப்பறைப் பழக்கம் போன்ற பெரிய மாற்றங்கள் எதுவானாலும் இப்போதே தொடங்குங்கள், அல்லது குழந்தை வந்து சில மாதங்கள் கழித்துத் தொடங்குங்கள். பாப்பா வந்த வாரத்திலேயே தன் படுக்கையை இழந்த குழந்தை, அதைப் பறித்தது யார் என்று தானே முடிவு செய்துகொள்ளும்.

வந்த பிறகு அவள் மீண்டும் மழலை பேசலாம், படுக்கையை நனைக்கலாம், தனக்கும் புட்டியில் பால் கேட்கலாம். திட்டாமலும் கேலி செய்யாமலும் விட்டால் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். "நீ இப்போது பெரிய பெண்" என்ற வாக்கியத்தைப் பாட்டிகளிடமிருந்து முதலிலேயே பறிமுதல் செய்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி, தம்பி பிறந்த பிறகு தினமும் பொம்மையைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவாள். "பாப்பா தூங்குகிறது, இப்போது அம்மா என்னோடு" என்பாள். அவளுடைய அம்மாவிடம் அதைச் சொன்னபின், அவர் நாள்தோறும் கால் மணி நேரம் கைக்குழந்தையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு இவளோடு மட்டும் உட்காரத் தொடங்கினார். நேரம் குறைவுதான், ஆனால் நாள் தவறாமல் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

மருத்துவமனையில் முதன்முதலாக உங்களைப் பார்க்க வரும்போது, முடிந்தால் குழந்தை தொட்டிலில் இருக்கட்டும், உங்கள் கைகள் காலியாக இருக்கட்டும்.


இரவுக்காவலன் எழுதியது:

கடைசி வரியை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். இதை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம் என்றார்.


ஓய்வுபெற்றசெவிலி எழுதியது:

வேலைப் பங்கீட்டில் இன்னும் ஒரு பொறுப்பைச் சேர்க்க விரும்புகிறேன்: தாயைக் கவனிப்பது. வீட்டில் எல்லாருடைய கண்ணும் தொட்டிலின் மேல் இருக்கும். பெற்றவளைப் பார்ப்பதற்கென்று ஒருவர் வேண்டும். அது கணவராக இருப்பதே நல்லது.

மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பெரும்பாலான தாய்மாருக்கு நேர்வது. ஹார்மோன்கள் சடாரென்று இறங்குவதும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்யும் வேலை அது. இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் சோர்வு நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் கிடந்தால், எதிலும் ஆர்வமில்லாமல் போனால், தான் நல்ல தாய் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அது மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வாக இருக்கலாம். 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட 10 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். மருத்துவரிடம் கேட்டால் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார். குழந்தைக்கோ தனக்கோ தீங்கு செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தந்தைக்கும் மனச்சோர்வு வரும். அதைப் பேசுவோர் இன்னும் குறைவு.

உடம்பைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவு உதிரப்போக்கு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், விடாத தலைவலி, கண் மங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே போக வேண்டும். பிரசவம் முடிந்துவிட்டதால் ரத்த அழுத்தத் தொல்லை முடிந்தது என்று எண்ண வேண்டாம்; ஆறு வாரம்வரைகூட வரக்கூடும்.

நிறைமாதம், உங்களுக்கு இப்போதைக்கு ஒன்று. கடைசி வாரங்களில் குழந்தைக்கு இடம் போதாததால் அசைவு குறையும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். அசைவின் தன்மை மாறலாம், ஆனால் வழக்கமான அசைவு குறைந்தாலோ நின்றாலோ மறுநாள்வரை பொறுக்காமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தூங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுங்கள். இடையில் விழித்து மல்லாந்திருப்பதைக் கண்டால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும்.


நிறைமாதம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு கணவரும் நானும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினோம். என் தலையில் மட்டும் இருந்த வேலைகளே ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டன. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை வாங்கி, பாதிக்கு மேல் தன் பெயரை எழுதிவிட்டார். இரவுக்காவலன் சொன்னபடி முன்னிரவு அவருக்கு, பின்னிரவு எனக்கும் உடன் இருக்கும் பாட்டிக்கும். புட்டியைப் பற்றி ஒரு மாதம் கழித்துப் பேசலாம் என்றும், அதற்குள் நான் தாங்கமாட்டேன் என்று அவருக்குத் தோன்றினால் என்னைக் கேட்காமலே மருத்துவரிடம் அழைத்துப்போகலாம் என்றும் முடிவு செய்தோம்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தால்தான் நன்றாகத் தூங்கும், தலைக்கு மெத்தென்று தலையணை வேண்டும் என்று மாமியார் உறுதியாக நம்புகிறார். தன் பிள்ளைகள் அனைவரையும் அப்படித்தான் வளர்த்தேன் என்கிறார். அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?


ஓய்வுபெற்றசெவிலி எழுதியது:

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய காலத்தில் பல மருத்துவர்களும் குப்புறப் படுக்க வைக்கத்தான் சொன்னார்கள். எதிர்க்களித்தால் மூச்சில் ஏறிவிடும் என்ற அச்சம்தான் காரணம். 1980களின் இறுதியில் வந்த ஆய்வுகள் அதைத் தலைகீழாக்கின. மல்லாக்கப் படுக்க வைக்கும்படி 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் பெரிய பிரசாரங்கள் தொடங்கின; தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் அதன்பின் ஏறத்தாழப் பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைந்தன. ஆகவே மல்லாக்க, கெட்டியான சமதளத்தில், தலையணையும் தளர்வான போர்வையும் பொம்மையும் இல்லாமல், பெற்றோரின் அறையிலேயே தனிப் படுக்கையில் என்பதுதான் இன்றைய நிலை. குப்புறப் போடும் ஆசையை, குழந்தை விழித்திருக்கும்போது யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளத் தீர்த்துக்கொள்ளலாம். அது கழுத்துக்கும் தோளுக்கும் நல்ல பயிற்சி.

இதை நீங்கள் சொன்னால் மருமகளின் வாதம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அத்தையையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். "முன்பெல்லாம் குப்புறத்தானே போடச் சொன்னார்கள், இப்போது ஏன் மாறியது?" என்று கேட்டால், அவர் வளர்த்த விதத்தைக் குறை சொன்னதாகவும் இருக்காது.


நிறைமாதம் எழுதியது:

அடுத்த வாரம் பரிசோதனை இருக்கிறது. இன்று காலை அத்தையை உடன் வரச் சொன்னேன். தன் காலத்தில் ஸ்கேன் அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள் என்றும், ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்றிருந்தேன் என்றும் சொன்னார். தடுப்பூசி, படுக்க வைக்கும் முறை, குழந்தையின் எடையை எந்த நாளில் பார்க்க வரவேண்டும் என மூன்று கேள்விகளைக் கணவர் தன் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறார். கேட்டுவிட்டு வந்து இங்கேயே எழுதுகிறேன்.